பச்சை கேப்சூலும் குருத்தணுச் சோதனையும்: ஓர் எளிய விளக்கம்

பாப்பாரப்பட்டியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் பத்து வருடமாக மூட்டு வலி. போன ஆடியில் பக்கத்து வீட்டு அக்கா அவரைத் தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஆரோக்கியக் கூட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது பெரியம்மா கையில் ஒரு டப்பா. உள்ளே அறுபது பச்சை கேப்சூல். கூடவே ஒரு வழவழப்பான அட்டை. 'குருத்தணு ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்ட பாசிச் சத்து' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. குருத்தணு என்றால் ஸ்டெம் செல்.

"இதுக்குள்ள குருத்தணு இருக்குதாம். அது முட்டிக்குப் போய்ப் புது எலும்பு வளர்க்குமாம். நீ காலேஜில இதைத்தானே பாடம் நடத்துற, சரியா தப்பான்னு சொல்லு" என்றார்.

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. பாசியிலிருந்து பிரித்த பொருட்களைக் குருத்தணுக்களுக்குக் கொடுத்து, அவற்றின் மரபணுக்களில் என்ன மாற்றம் வருகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி நிஜமாகவே நடக்கிறது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் ஆராய்ச்சி சொல்வது ஒன்று, அட்டை சொல்வது வேறொன்று, பெரியம்மா காதில் விழுந்ததோ இரண்டுமே இல்லை. படித்தவர்கள்கூட இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அன்று பெரியம்மாவுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாசி

கேஆர்பி அணைத் தண்ணீர் சில நேரம் பச்சைப் பெயின்ட் கலந்ததுபோல் திரண்டு நாறுவதைக் கிருஷ்ணகிரிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். தென்பெண்ணையில் கழிவோடு வந்து சேரும் சத்துகளைத் தின்று பெருகும் நுண்பாசி அது. கேப்சூலில் இருப்பதும் பாசிதான். ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. 'பாசி' என்பது கத்தரிக்காய் மாதிரி ஒரு பொருளின் பெயர் இல்லை, 'செடி' மாதிரி ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல்லும் பாசி, கடலில் பல அடி நீளத்துக்கு வளர்வதும் பாசி. மாத்திரையாக அதிகம் விற்கும் சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, கறாராகச் சொன்னால் ஒரு பாக்டீரியா. சூரிய ஒளியில் தன் உணவைத் தானே செய்துகொள்வதால் அதையும் பாசிக் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

நீலப்பச்சைப் பாசிகளில் சில, கல்லீரலைக் கெடுக்கும் நச்சை உண்டாக்குபவை. அதனால் ஏரியிலும் அணையிலும் மிதப்பதை யாரும் 'இயற்கைச் சத்து' என்று அள்ளிவிடக் கூடாது. உண்பதற்கான சுருள்பாசியைத் தனித் தொட்டியில், தண்ணீரின் காரத்தன்மையைக் கவனித்து வளர்க்கிறார்கள்.

ஆராய்ச்சியில் பெரும்பாலும் முழுப் பாசியைக் கொடுப்பதில்லை, அதிலிருந்து பிரித்த சேர்மத்தைக் கொடுப்பார்கள். சேர்மம் என்றால் இங்கே, பாசிக்குள் இருக்கும் பலநூறு பொருட்களில் ஒரு குறிப்பிட்ட பொருள். மஞ்சளுக்குள் குர்குமின் இருப்பதுபோல. இறாலை வேகவைத்தால் செக்கச் சிவப்பாக மாறுகிறதே, அந்த நிறத்தின் பெயர் ஆஸ்டாக்சாந்தின். இறால் அதைத் தானாகச் செய்வதில்லை, அதன் தீனி வழியாகப் பாசியிலிருந்துதான் வருகிறது. மீன் எண்ணெயில் பேர்போன ஒமேகா-3 கொழுப்பும் மீனின் சொந்தச் சரக்கு இல்லை. அதற்கும் மூலம் நுண்பாசி. சுருள்பாசியில் ஃபைக்கோசயனின் என்ற நீல நிறப் புரதம் இருக்கிறது.

அந்த நீலத்தை வீட்டிலேயே பார்க்கலாம். பெரியம்மா டப்பாவிலிருந்து ஒரு கேப்சூலைப் பிரித்து, அந்தத் தூளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க வைத்தேன். காலையில் பச்சைத் தூள் அடியில் படிந்திருந்தது. மேலே தண்ணீர் நல்ல நீலம். வெயிலில் ஒரு கோணத்தில் பிடித்தால் ஓரத்தில் லேசாகச் சிவப்பு மினுங்கியது. பெரியம்மா டம்ளரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த டம்ளரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பட்டுப்புழுவிடம் கேட்கலாம்

மரபணு வெளிப்பாடு என்ற சொல்லைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. பட்டுப்புழு வளர்த்தவர்கள், இல்லாவிட்டால் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குள் ஒரு தடவையாவது போனவர்கள் இங்கே ஏராளம்.

முட்டை, புழு, கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழு, வெளியே வரும் அந்துப்பூச்சி என்று நான்கு உருவம். புழு மல்பெரி இலையைத் தின்று தீர்க்கும், அந்துப்பூச்சி தின்னவே தின்னாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே உயிர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நான்கு உருவத்திலும் டிஎன்ஏ ஒன்றுதான். உடலைக் கட்டுவதற்கான குறிப்புகள் எழுதப்பட்ட நீண்ட இழை டிஎன்ஏ. அந்த இழையில் ஒரு தனிக் குறிப்பு இருக்கும் பகுதிக்கு மரபணு என்று பெயர். குறிப்பு மாறவில்லை. எந்தக் குறிப்பு எப்போது வாசிக்கப்படுகிறது என்பது மாறுகிறது.

நாலு தடவை தோல் உரித்து ஐந்தாம் பருவத்தில் நன்றாக முதிர்ந்த புழுவைச் சந்திரிகையில், அதாவது கூடு கட்ட வைக்கும் மூங்கில் தட்டில், விட்டால் நூல் கக்க ஆரம்பிக்கிறது. பட்டு நூலின் முக்கியப் புரதத்துக்கான மரபணு, அந்தப் புழுவின் காலில் உள்ள செல்லிலும் இருக்கிறது, குடலில் உள்ள செல்லிலும் இருக்கிறது. ஆனால் பட்டுச் சுரப்பியின் பின்பகுதியில் மட்டும்தான் அது வாசிக்கப்படுகிறது. அங்கே மும்முரமாக, மற்ற இடங்களில் மௌனமாக.

இப்படி ஒரு மரபணு வாசிக்கப்பட்டு வேலைக்கு வருவதுதான் மரபணு வெளிப்பாடு. அது கூடலாம், குறையலாம், நின்றும் போகலாம். மனிதருக்குப் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. கண்ணில் உள்ள செல்லுக்கும் கல்லீரலில் உள்ள செல்லுக்கும் அதே 20,000தான். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதில்தான் கண் கண்ணாகிறது, கல்லீரல் கல்லீரலாகிறது.

மெஸ்ஸில் டோக்கன் எண்ணுவது

சரி, ஒரு மரபணு எவ்வளவு மும்முரமாக ஓடுகிறது என்று எப்படி அளப்பது? பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டமாக இருக்கும் ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டுக்குள் நம்மை விட மாட்டார்கள். ஆனால் கல்லாவில் கிழித்துக் கொடுக்கும் டோக்கன்கள் ஒரு கம்பியில் குத்தி வைக்கப்படுகின்றன. அவற்றை எண்ணினால் போதும். முட்டை தோசை டோக்கன் நாற்பது, பொங்கல் டோக்கன் இரண்டு என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

செல்லுக்குள்ளும் இப்படி டோக்கன் உண்டு. டிஎன்ஏவில் உள்ள ஒரு குறிப்பைப் படியெடுத்துப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகும் சிறு இழைக்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர். தூது ஆர்என்ஏ அதிகம் இருந்தால் அந்த மரபணு அதிகம் வாசிக்கப்படுகிறது என்று பொருள். இங்கேயும் பட்டுப்புழுவுக்கு ஒரு பெருமை இருக்கிறது. 1972ல் யோஷியாகி சுசூகி, டொனால்ட் பிரவுன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பட்டுப் புரதத்துக்கான தூது ஆர்என்ஏவைப் புழுவிலிருந்து தனியே பிரித்துக் காட்டினார்கள். விலங்குகளில் இப்படிப் பிரித்துக் காட்டிய மிகத் தொடக்க கால உதாரணங்களில் அது ஒன்று. ஒரே சுரப்பியில் ஒரே டோக்கன் அவ்வளவு குவிந்து கிடந்ததால்தான் அது முடிந்தது.

டோக்கன் வேறு, இலையில் விழும் தோசை வேறு. டோக்கன் போட்ட பிறகு மாவு தீர்ந்துபோகலாம், தோசை தீய்ந்துபோகலாம். தூது ஆர்என்ஏ கூடியதாலேயே புரதமும் அதே அளவு கூடிவிடும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும், எப்போதும் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ. எந்த மரபணு வாசிக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். அதைத் தூது ஆர்என்ஏவை எண்ணித் தெரிந்துகொள்கிறோம்.

குருத்தணு என்பது எது?

தென்னையில் குருத்துக்கு என்ன மதிப்பு என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. மட்டை காய்ந்தால் போகட்டும் என்று விடுவார்கள், குருத்து அழுகினால் மரமே போச்சு. இனி வரப்போகும் அத்தனை மட்டையும் அந்தக் குருத்திலிருந்துதான் வர வேண்டும். ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் குருத்தணு என்று பெயர் வைத்தவர் யாரோ, நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார். தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கவும், வேறு வகைச் செல்லாக மாறவும் முடிந்த செல் குருத்தணு.

அதில் பல வகை. கருவிலிருந்து எடுப்பது ஒன்று. மனிதக் கருவின் குருத்தணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியது 1998ல். வளர்ந்தவர்களின் எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் இருப்பது இன்னொன்று. இவை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியவை. பிரசவத்தின்போது நஞ்சுக்கொடியோடு வெளியே வரும் பனிக்குடச் சவ்விலும் குருத்தணுக் குணம் உள்ள செல்கள் இருக்கின்றன. எறியப் போகும் சவ்வுதான், தாயின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்கு வாங்கிக்கொள்கிறார்கள். 2006ல் ஜப்பானின் ஷின்யா யமானாக்கா, எலியின் சாதாரணத் தோல் செல்லுக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி அதைக் குருத்தணுவாகத் திருப்பிக் காட்டினார். அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் அது முடிந்தது. 2012ல் அவருக்கு நோபல் பரிசு. ஒரு முதிர்ந்த மட்டையைத் திரும்பக் குருத்தாக்கியது போன்ற காரியம் அது. இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பாசிச் சேர்மத்தைச் சோதிக்கக் குருத்தணுவை ஏன் தேடிப் போக வேண்டும்? ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் செல்களில் நிறைய, புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து வந்தவை. 1951ல் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் உலகம் முழுக்க வளர்கின்றன. வளர்ப்பது சுலபம். ஆனால் புற்றுச் செல்லின் போக்கு வேறு, நல்ல செல்லின் போக்கு வேறு. குருத்தணு புற்று இல்லாத செல். அதோடு, அது எந்தத் திசையில் திரும்பப் போகிறது என்பதை அதன் மரபணுக்கள் முன்கூட்டியே காட்டிவிடுகின்றன. எலும்பை நோக்கியா, கொழுப்பை நோக்கியா, நரம்பை நோக்கியா என்று பார்க்கலாம். ஆராய்ச்சியாளர்களை இழுப்பது இதுதான்.

இப்போது பெரியம்மாவின் முதல் சந்தேகத்துக்குப் பதில் வந்துவிடுகிறது. கேப்சூலுக்குள் குருத்தணு கிடையாது. உலர்த்திப் பொடித்த தூளில் எந்த உயிருள்ள மனிதச் செல்லும் இருக்க முடியாது. குருத்தணு இருந்தது ஆய்வகத் தட்டில். கேப்சூலில் இருப்பது பாசி மட்டும்.

சோதனை நடக்கும் விதம்

உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் தட்டு. அதில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் இளஞ்சிவப்பு நிறச் சத்துநீர், அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும் குருத்தணுக்கள். உடம்புச் சூடான 37 டிகிரியில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். சில குழிகளில் பாசிச் சேர்மத்தைச் சொட்டு விடுவார்கள். மற்ற குழிகளில் விட மாட்டார்கள்.

அந்த 'மற்ற குழிகள்' சோதனையின் உயிர். சேர்மத்தைச் சாராயம் போன்ற ஏதாவது ஒரு கரைப்பானில் கரைத்துத்தான் விட முடியும் என்றால், மற்ற குழிகளில் வெறும் கரைப்பானையாவது அதே அளவு விட்டாக வேண்டும். வயலில் பாதிக்கு உரம் கரைத்த தண்ணீரும் மீதிப் பாதிக்குத் தண்ணீரே இல்லாமலும் விட்டுவிட்டு, விளைச்சலை ஒப்பிட்டு 'உரம் பிரமாதம்' என்று சொன்னால் ஒத்துக்கொள்வோமா? இப்படி ஒப்பிடுவதற்காக வைக்கும் குழுவுக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர்.

ஒரு நாளோ சில நாட்களோ கழித்துச் செல்களை உடைத்து, தூது ஆர்என்ஏவைப் பிரித்து எண்ணுகிறார்கள். எண்ணும் கருவி நமக்குப் பழக்கமானதுதான். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போய்ச் சோதித்தார்களே ஆர்டி-பிசிஆர், அதே முறை. அந்த இழையின் நகலை ஒரு சுற்றுக்கு ஒரு முறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், எத்தனையாவது சுற்றில் கருவிக்குத் தெரியும் அளவு வந்தது என்று பார்ப்பார்கள். சேர்மம் பெற்ற செல்லின் மாதிரி மூன்று சுற்று முன்னதாகவே தெரிந்துவிட்டால், தொடக்கத்தில் அதில் எட்டு மடங்கு இருந்திருக்கிறது என்று கணக்கு. இரண்டு, நான்கு, எட்டு.

மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை தோசை டோக்கன் கூடினால், மக்களுக்குத் தோசை ஆசை கூடிவிட்டதா, கூட்டமே கூடிவிட்டதா என்று சந்தேகம் வரும். விழுந்த இலைகளை எண்ணினால் தீர்ந்துவிடும். செல்லிலும் எந்த நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடும் சில மரபணுக்களை இலைக்கணக்குபோல வைத்துக்கொண்டு மற்றதை அளக்கிறார்கள்.

பிசிஆரில் நாம் தேர்ந்தெடுத்த சில டோக்கன்களை மட்டும் எண்ணலாம். 20,000 மரபணுக்களையும் ஒரே மூச்சில் எண்ணும் வழிகளும் இப்போது வந்துவிட்டன. அங்கே ஒரு பொறி இருக்கிறது. தற்செயலாகவே இருபதில் ஒன்று 'மாறிவிட்டது' என்று காட்டும் அளவுக்குத் தளர்வான அளவுகோலை வைத்தால், எந்தப் பலனும் இல்லாத வெறும் தண்ணீரைக் கொடுத்தால்கூட 1,000 மரபணுக்கள் மாறியதாகத் தெரியும். நல்ல ஆய்வாளர்கள் இதற்காகவே அளவுகோலை இறுக்குகிறார்கள், சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அட்டை அச்சடிப்பவர்கள் அந்த 1,000லிருந்து அழகான பத்தைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

'மரபணு ஏறியது' என்றால் நல்லதா?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான்.

எலும்பு செய்யும் செல்லாக மாறத் தொடங்கும் குருத்தணுவில் ரன்எக்ஸ்-2 என்ற மரபணு ஏறும், அதாவது அதிகம் வாசிக்கப்படும். ஒரு பாசிச் சேர்மத்தைக் கொடுத்ததும் ரன்எக்ஸ்-2 இரண்டு மடங்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம் (இது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட உதாரணம்). ஆய்வாளர் இதைப் பார்த்து, 'எலும்புப் பாதையில் முதல் அடி வைத்ததுபோல் தெரிகிறது' என்பார். அதோடு விட மாட்டார். மூன்று வாரம் காத்திருந்து, செல்கள் நிஜமாகவே சுண்ணாம்புச் சத்தைப் படிய வைக்கின்றனவா என்று அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிப் பார்ப்பார். படிந்த இடமெல்லாம் குங்குமம் கொட்டியதுபோல் சிவக்கும். சிவக்காவிட்டால் டோக்கன் விழுந்தது, தோசை வரவில்லை.

சரி, சிவந்தும் விட்டது. எலும்பு கூடினால் நல்லதுதானே?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருப்பவர்கள் இதற்கு அவசரப்பட்டு ஆமாம் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நம் நிலத்தடி நீரில் இருக்கும் புளூரைடு எலும்பு செய்யும் செல்களைத் தூண்டிவிடும் பொருள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது குடிநீருக்கு இந்தியாவில் வைத்திருக்கும் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய கிணற்று நீரை வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பு அடர்ந்து, இறுகி, கழுத்தும் முதுகும் மூட்டும் மடங்காமல் போனதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். எலும்பு கூடியது, ஆள் முடங்கினார்.

மருத்துவர்களே ஒரு காலத்தில் இந்தத் தூண்டுதலை மருந்தாக்கப் பார்த்தார்கள். எலும்பு தேய்ந்த பெண்களுக்குச் சோடியம் புளூரைடு கொடுத்து 4 ஆண்டு கவனித்த ஓர் அமெரிக்கச் சோதனையின் முடிவு 1990ல் வெளியானது. முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. காகிதத்தில் அற்புதமான எண். ஆனால் முதுகெலும்பு முறிவு சொல்லும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு அதிகமானது. புதிதாக வந்த எலும்பு அடர்த்தியாக இருந்தது, உறுதியாக இல்லை.

தட்டில் ஒரு மரபணு ஏறியதைப் பார்த்து 'ஆரோக்கியம்' என்று எழுதுபவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். ஏறியது என்பது ஒரு தகவல். நல்லது என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் தட்டில் இல்லை.

இன்னொரு வகை மரபணுவும் விளம்பரங்களில் அடிக்கடி வரும்: செல்லைக் காக்கும் மரபணுக்கள். ஹீம் ஆக்சிஜனேஸ்-1 அப்படிப்பட்டது. அது ஏறினால் 'செல் பாதுகாப்பு அதிகரித்தது' என்று எழுதுவார்கள். ஆனால் தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனால் நமக்கு முதலில் என்ன தோன்றும்? எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்றுதானே. செல்லுக்குத் தொந்தரவு வரும்போது ஓடிவரும் மரபணு அது. சேர்மம் செல்லை நல்லபடியாகத் தயார்படுத்தியதால் ஏறியிருக்கலாம், சேர்மமே செல்லைச் சுட்டதால் ஏறியிருக்கலாம். எது என்று தெரிய வேண்டுமானால் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா, அளவைக் குறைத்தால் என்ன ஆகிறது, வேண்டுமென்றே செல்லுக்குக் கேடு செய்தால் சேர்மம் பெற்ற செல்கள் அதிகம் பிழைக்கின்றனவா என்றெல்லாம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அதனால் இந்தச் சோதனை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பாசிகளில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது, கொடுக்கவும் கூடாது. எது எந்தப் பக்கம் இழுக்கிறது, எதை மேலே எடுத்துப் போகலாம், எதை இங்கேயே நிறுத்திவிடலாம் என்று சலிக்க ஒரு சல்லடை வேண்டும். குருத்தணுவின் மரபணு வெளிப்பாடு அருமையான சல்லடை. சலித்து எடுத்ததை இன்னும் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், வேகவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

தட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில்

தட்டில் செல் சேர்மத்திலேயே முங்கிக் கிடக்கிறது. நாம் விழுங்கும் கேப்சூலோ வயிற்றைத் தாண்டி, குடலைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டித்தான் மூட்டுக்குப் போக முடியும். வழியில் எவ்வளவு மிஞ்சும், என்னவாக மாறும்?

பழுப்பு நிறக் கடற்பாசிகளில் ஃபூக்கோசாந்தின் என்ற நிறமி இருக்கிறது. அதைச் சாப்பிட்டால் குடலிலேயே ஃபூக்கோசாந்தினால் என்ற வேறு பொருளாக மாறித்தான் ரத்தத்துக்குப் போகிறது. தட்டில் முன்னதை ஊற்றிச் சோதித்திருந்தால், உடம்பின் செல்கள் பெரும்பாலும் சந்திக்காத ஒன்றைச் சோதித்திருக்கிறோம். அதே பாசிகளில் உள்ள ஃபூக்கோய்டன் மிகப் பெரிய மூலக்கூறு, குடல் சுவரைத் தாண்டி முழுசாக உள்ளே போவது சொற்பம். மஞ்சளின் குர்குமினும் இதே கதைதான். தட்டில் சிங்கம், ரத்தத்தில் தேடினால் அகப்படுவது அரிது.

தட்டைத் தாண்டிய பிறகு விலங்குகளில் சோதனை, அதற்கப்புறம் மனிதர்களில். அதிலும் யாருக்கு நிஜ கேப்சூல், யாருக்கு வெற்று கேப்சூல் என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், சாப்பிடுபவருக்கும் தெரியாமல் நடத்த வேண்டும். மூட்டு வலியில் இது ரொம்ப முக்கியம். வலி தானாகவே கூடும், குறையும். காசு கொடுத்து வாங்கியதைச் சாப்பிட்டோம் என்ற நம்பிக்கையிலும் கொஞ்சம் குறையும்.

பாசி உணவில் உறுதியாகத் தெரிந்தவையும் உண்டு. உலர்ந்த சுருள்பாசியின் எடையில் பாதிக்கு மேல் புரதம். நுண்பாசி எண்ணெயிலிருந்து எடுத்த ஒமேகா-3யைக் குழந்தைகளுக்கான பால் பவுடர்களில் சேர்க்கிறார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சுருள்பாசியில் பி12 வைட்டமின் கிடைக்கும் என்று சொல்வது மட்டும் தவறு. அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பி12 குறைவு இருப்பவர்கள் இதை நம்பி மருந்தைத் தள்ளிப்போட்டால் நரம்பு கெடும்.

மறுபடியும் ஒரு வரியில்: குருத்தணுச் சோதனை ஒரு சேர்மத்துக்கு ஆற்றல் இருக்கலாம் என்று காட்டும், அந்தச் சேர்மம் வாய்வழியாகப் போய் மூட்டைச் சேர்ந்து நோயைக் குறைக்கும் என்று காட்டாது.

மறுபடியும் அந்த டம்ளர்

இவ்வளவும் சொல்லி முடித்தபோது பெரியம்மா எழுந்து உள்ளே போனார். நீலத் தண்ணீரைத் தூள் கலங்காமல் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார். "கொதிச்சா என்ன ஆகும்?"

நான் சொல்லவில்லை, பாருங்கள் என்றேன். கொதி வருவதற்கு முன்பே நீலம் வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி ஆகி, கொஞ்சம் திரிதிரியாகத் தெரிந்தது.

"வயித்துல இந்தச் சூடு இல்லையே."

"சூடு இல்லை பெரியம்மா. புளிப்பு இருக்கு. அந்த நீலம் ஒரு புரதம். பருப்பை எப்படிச் செரிக்கிறோமோ அப்படித்தான் அதையும் வயிறு செரிக்கும்."

"பால்ல எலுமிச்சை பிழிஞ்ச மாதிரி திரிஞ்சிடும்னு சொல்லு."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

கிண்ணத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்போ அந்தத் தட்டுல இருந்த செல்லுக்கு இவங்க எதைக் குடுத்தாங்க? நீலமா இருந்ததையா, திரிஞ்சதையா?"

முப்பது வருடம் சமையல்கட்டில் நின்றவருக்கு வந்த கேள்வி. இதே கேள்வியை என் மாணவர்கள் கேட்டால் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அட்டையில் அதற்குப் பதில் இல்லை என்றேன். எந்தச் சேர்மம், எவ்வளவு, எந்தக் குருத்தணு, எந்த மரபணு என்று எதுவும் அதில் இல்லை. அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடம் போகும்போது டப்பாவைக் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன். பெரியம்மா ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா என்று டாக்டருக்குத்தான் தெரியும்.

சரி என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று அட்டையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.